எழுத்துருவும் அதிகாரமும்: சில ஆய்வேடுகளின் கதை

கணிப்பொறி மக்கர் பண்ணினால் அதை யாரும் அரசியல் பிரச்சினையாகப் பேசுவதில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லையென்றால் யாரைத் திட்டுவது என்று நமக்குத் தெரியும். பஸ் வரவில்லையென்றாலும் தெரியும். ஆனால் இருநூறு பக்க ஆய்வேடு ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போவதற்குள் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிட்டால், 'நமக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் சரிப்பட்டு வராதுப்பா' என்று தலையில் அடித்துக்கொள்வதோடு சரி. குற்றம் ஒன்று நம்முடையது, இல்லாவிட்டால் இயந்திரத்தினுடையது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் எப்போதும் தப்பித்துவிடுகிறார்.

1990களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் தமிழில் ஆய்வேடு எழுதியவர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் எழுத்து என்றால் என்ன, அவை எத்தனை, எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அறைகளில் எடுக்கப்பட்ட முடிவுகளின் வரலாறு அது. அச்சகத்தார், தட்டச்சுப் பொறி செய்தவர், மாநில அரசு, மைய அரசின் பொறியாளர்கள், எழுத்துரு வியாபாரிகள், கடைசியாகக் கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கும் ஒரு கூட்டமைப்பு. ஆய்வு மாணவர்கள் அந்த அறைகளில் இருக்கவில்லை. அவர்களுக்காகத் தட்டச்சு செய்த பெண்கள் அங்கே இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த முடிவுகள் நமது இயக்கங்களின் ஆவணங்களை என்ன செய்தன என்பதே எனது கேள்வி.

1

எனது ஆய்வுப் பொருள் தலித் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் வெளியிட்ட துண்டறிக்கைகள், சிறு வெளியீடுகள். 1998 முதல் நான்கு ஆண்டுகள் மதுரையில் மூன்று டி.டி.பி. கடைகளுக்கு மாறி மாறி அலைந்தேன். துறையில் கணிப்பொறி இல்லாமலில்லை. ஒன்றே ஒன்று இருந்தது, தலைவர் அறையில், பட்டுத்துணி போர்த்தி. பக்கத்துக்குப் பத்து ரூபாய், திருத்தத்துக்குத் தனி என்று கடையில் கொடுத்து அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இயற்பியல் துறை நண்பர்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே பல்கலைக்கழகம், ஒரே இயந்திரம்; இரண்டு உலகம்.

அன்றைய தமிழ் எழுத்துரு என்பது ஒரு தந்திரம். கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. அது ஆங்கிலம் அடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நாம் அதன் முகத்தில் ஒரு தமிழ் முகமூடியை மாட்டி வைப்போம். பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள், இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் தமிழ்நாட்டிலும் பல லட்சம் பக்கங்கள் இந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்றுதான் கிடக்கும். 'இந்தியா' ஒரு காற்புள்ளியில் தொடங்கும். (தேசியத்தைக் கட்டுடைக்க நாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது பாமினி அதை ஒரே விசையில் முடித்துவிட்டிருந்தது.) எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும்.

முகமூடி கழலாதபோதும் தொல்லைதான். வேர்டு ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு போடும். அதன் பார்வையில் முழு ஆய்வேடும் எழுத்துப்பிழை. அதையாவது அணைத்துவிடலாம். இன்னொரு வேலை செய்யும் பாருங்கள்: முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் சொல்லின் முதல் எழுத்தை அது தானாகவே பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்தில் அது மரியாதை. பாமினியில் சிறிய எழுத்து தகரம் என்றால் பெரிய எழுத்து 'து'. சிறியது மகரம் என்றால் பெரியது 'மு'. ஆகவே வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் 'தமிழ்' துமிழாகும். 'மக்கள்' முக்கள் ஆவார்கள். 'கடவுள்' குடவுள். ஒரு இயலின் எல்லா வாக்கியங்களும் இப்படி ஆனதை மெய்ப்புப் பார்க்கும்போது கண்டுபிடித்தோம். ஆங்கில இலக்கணத்தின் ஒரு சிறு பழக்கம், யாரும் கேட்காமலேயே, ஒரு தமிழ் ஆய்வேட்டின் மேல் சட்டமாக இறங்கியது. அதிகாரம் நுண்தளங்களில் இயங்குகிறது என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நான் அடித்திருந்த வாக்கியமும் அதில் அடக்கம்.

நூற்பட்டியலை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் அது ஆங்கில வரிசையில் அடுக்கும். பாமினிக் கணக்கில் யகரம் முதலில் வரும். பிறகு உ, ந, க, ப, த, ம, அதற்கப்புறம்தான் அகரம். கொம்பு முதலில் வருவதால் பெரியாரும் கேரளமும் தெலுங்கும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். தமிழ்ப் பேரகராதியை 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டபோது சீட்டுகளை வைத்து அடுக்கினார்கள். அறுபது ஆண்டு கழித்து நானும் சீட்டெழுதித்தான் அடுக்கினேன். மாடியில் பாய் விரித்து.

'இந்த நிரல் சட்டவிரோதமான செயலைச் செய்துவிட்டது, இது மூடப்படும்' என்று விண்டோஸ் 98 ஆங்கிலத்தில் அறிவிக்கும். துண்டறிக்கை ஒட்டியதற்கு வழக்கு வாங்கியிருந்த தோழர் ஒருவர் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு, 'என்னப்பா இதுவும் நம்ம ஆளுதானா' என்றார்.

இதையெல்லாம் நெறியாளரிடம் சொன்னால், 'கம்ப்யூட்டர்னா அப்படித்தான்யா இருக்கும்' என்பார். அப்படித்தான் இருக்கும் என்பது எப்போதுமே ஒரு கருத்தியல் வாக்கியம். அது ஏன் அப்படி இருந்தது?

2

அச்சுக்கு வந்த நாளிலிருந்தே தமிழ் எழுத்து இயந்திரத்தோடு பேரம் பேசித்தான் வந்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோதும் சரி, 1713இல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வந்தபோதும் சரி, ஓலையிலிருந்த வடிவம் அப்படியே உலோகத்துக்கு வரவில்லை. ஓலையில் புள்ளியைக் கீறினால் ஓலை கிழியும், ஆகவே புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள், படிப்பவர் ஊகித்துக்கொண்டார். அச்சு ஊகத்தை அனுமதிக்காது. எழுத்து நிலைபெற்றது என்று நாம் சொல்லும் சங்கதியில் பாதி, அச்சு கேட்டதைக் கொடுத்ததுதான்.

தட்டச்சுப் பொறி இன்னும் கறாரானது. கம்போஸிட்டரின் கேஸில் அறைகளைக் கூட்டிக்கொள்ளலாம். தட்டச்சுப் பொறியில் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் 247 எழுத்துகளையும் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தவரான இரா. முத்தையா சிங்கப்பூரில் இருந்துகொண்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இதைச் சாதித்தார். பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டது. அவர் கண்ட வழி, எழுத்தை உறுப்புகளாகப் பிரிப்பது. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. வண்டி நகராத விசைகளை வைத்துப் புள்ளியையும் விசிறியையும் எழுத்தின் மேலேயே விழச் செய்தார். உகர, ஊகார எழுத்துகளை அப்படிப் பிரிக்க முடியாது. அவை விசையின் மேல்தட்டுக்குப் போயின. துமிழின் பிறப்பிடம் இந்த மேல்தட்டுதான்.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்திய எழுத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் சொன்ன காரணங்களில் அச்சுக் கோப்பதும் தட்டச்சும் எளிதாகும் என்பது முக்கியமானது. எழுத்துக்குப் புனிதம் இல்லை, பயன்பாடு இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. அவற்றில் 13 எழுத்துகளை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டு ஏற்றது. 'அய்', 'அவ்' ஆகியவற்றை ஏற்கவில்லை. அது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேறிய பெண்கள் 1990களில் ஆயிரக்கணக்கில் டி.டி.பி. கடைகளுக்கு வந்தார்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை வேலை; சம்பளம் சொல்லும்படியாக இருக்காது. அவர்களது விரல்கள் அறிந்திருந்த வரிசை பழைய தட்டச்சு வரிசை. எழுத்துரு செய்தவர்கள் அந்த விரல்களுக்கேற்ப எழுத்துகளை ஆங்கில விசைகளில் உட்கார வைத்தார்கள். ஆக, பாமினியின் உள்ளே கிடப்பது தற்செயலான குப்பை இல்லை. முத்தையாவின் பொறியும் அந்தப் பெண்களின் உழைப்பும் படிந்த ஒரு வரலாற்றுப் படிவம் அது.

நான் போய்க்கொண்டிருந்த கடையில் ஒரு பெண் இருந்தார். கழன்ற முகமூடியோடு வரும் கோப்பை, ஆங்கில எழுத்துகளாகவே, தமிழில் கடகடவென்று படிப்பார். 'அண்ணே, இது பாமினி இல்லண்ணே. கொம்பு வேற எடத்துல இருக்கு பாருங்க. திருச்சில அடிச்சதா?' என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். இருபது எழுத்துருக்களின் உள்வரிசை அவர் தலைக்குள் இருந்தது. எந்த ஆய்வேட்டின் நன்றியுரையிலும் அவருக்கு இடமில்லை. 'அழகுற ஒளியச்சு செய்த' என்று கடையின் பெயர் மட்டும் இருக்கும்.

3

மைய அரசின் பக்கம் நடந்த கதை வேறு. 1980களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய முயற்சி, பிறகு புனேயின் சி-டாக் நிறுவனம் வழியாக, 'இஸ்கி' என்கிற குறிமுறையாக 1988இல் வந்தது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் அதை ஏற்றது. அதன் அடிப்படை எண்ணம் கவர்ச்சிகரமானது. இந்திய எழுத்துகள் எல்லாம் பிராமியிலிருந்து வந்தவை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை, ஒரே விசைப்பலகை. அட்டவணையின் அச்சு தேவநாகரி. தமிழில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று இடம் காலி. மற்ற வர்க்கங்கள் பெரும்பாலானவற்றிலும் அப்படியே. 1991இல் வந்த யூனிகோடு இந்த 1988 அட்டவணையைப் பின்பற்றியே இந்திய மொழிகளுக்கு இடம் ஒதுக்கியது. தமிழுக்குக் கிடைத்த 128 இடங்களில் அப்போது நிரம்பியவை 61. மீதி, நம்மிடம் இல்லாத எழுத்துகளுக்கான நாற்காலிகள்.

காலி நாற்காலி அவமானம் என்று மேடையில் முழங்கியவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரிய விஷயம் வேறிடத்தில் இருக்கிறது. தொல்காப்பிய மரபில் மெய்தான் அடிப்படை. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. இஸ்கியிலும் யூனிகோடிலும் அது தலைகீழ். அகரம் ஏறிய 'க' அடிப்படை; அதன்மேல் புள்ளியைப் போட்டு உயிரைக் கொன்றால் 'க்'. மெய் என்பது அங்கே இரண்டு குறிகளால் ஆன கூட்டு. அந்தப் புள்ளிக்கு யூனிகோடில் அதிகாரபூர்வப் பெயர் 'விராமா'. ழகரத்தின் பெயரைத் தமிழில் எழுதுவதானால் 'எல்எல்எல்ஏ'. ளகரம் 'எல்எல்ஏ', லகரம் 'எல்ஏ'. மூன்றாவது லகரமாகத்தான் ழகரம் உலகத்துக்கு அறிமுகம். ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்களது விதி.

இலக்கண வாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் அகராதியில் 'அக்கம்' முதலில் வரும், 'அகம்' பிறகு. மெய் முந்தி, உயிர்மெய் பிந்தி. யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், எண் வரிசைப்படி அடுக்கும் நிரலில் 'அகம்' முந்திக்கொள்ளும். ர, ல, ழ, ள, ற, ன என்று நாம் எதிர்பார்த்தால் ன, ர, ற, ல, ள, ழ என்று வரும். தமிழ் வரிசைக்கென்று தனி விதி எழுதப்பட்ட நிரல்களில் இது சரியாக வரும். எல்லா நிரல்களிலும் எழுதப்படவில்லை. பாமினியில் அடித்த ஆய்வேட்டை யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் என் நண்பர் ஒருவர் பெயரடைவைக் கையால்தான் அடுக்கினார்.

மைக்ரோசாஃப்ட் 2000இல் 'லதா' எழுத்துருவோடு தமிழ் யூனிகோடைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த எக்ஸ்.பி.யில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால் நிறுவல் குறுந்தகட்டைப் போட்டு, 'சிக்கலான எழுத்துமுறைகள்' என்கிற பெட்டியில் குறியிட வேண்டும். கூடவே அரபு, ஹீப்ரு, தாய். குறுந்தகடு கடைக்காரரிடம் இருக்காது. போடாவிட்டால் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு எழுத்துக்குப் பின்னால் நிற்கும். சிக்கல் என்று யார் யாரைச் சொல்வது? 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு எதை எப்படி உச்சரிப்பது என்று வாழ்நாள் முழுவதும் மனப்பாடம் செய்ய வைக்கும் மொழி எளியது. எழுதியபடி படிக்கலாம் என்கிற மொழி சிக்கலானது! மையம் தன்னை இயல்பு என்று அறிவித்துக்கொள்வதற்கு இதைவிடச் சுருக்கமான சான்றை எந்தக் கோட்பாட்டு நூலிலும் நான் படித்ததில்லை.

4

இதற்கிடையில் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடு, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்று பல கைகள். புலம்பெயர்ந்தவர்களும் ஆர்வலர்களும் இணையத்தில் விவாதித்து 'திஸ்கி' என்கிற குறிமுறையை உருவாக்கினார்கள். பணம் வாங்காமல் செய்த வேலை அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் முடிவாகத் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்று இரண்டு குறிமுறைகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் தரமாக்கியது. தரம் என்றால் ஒன்று என்று நினைத்திருந்தோம். இரண்டு வந்தது. வெளியே திஸ்கி மூன்றாவது. அரசு அலுவலகங்களிலேயே பரவலாகப் புழங்கிய வானவில் நான்காவது. இது தவிர ஒவ்வொரு பத்திரிகைக் குழுமமும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டது.

தமிழ்99 நல்ல விசைப்பலகை. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆனால் பயிலகங்களில் சொல்லிக்கொடுத்தது பழைய வரிசை. தேர்வும் அதில்தான். அந்தப் பெண்களின் விரல்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. ஆக, அரசாணை ஒருபுறமும் கடை ஒருபுறமும் போயின.

எழுத்துரு வியாபாரிகளுக்கு இந்தக் குழப்பம் லாபம். நான் அடித்த கடைகளில் ஒன்றில் மென்பொருள் ஒரு பூட்டோடு இருந்தது. கணிப்பொறியின் பின்புறம் பிரிண்டர் செருகும் இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு சாதனம். அது இல்லாவிட்டால் கோப்பு திறக்காது. எனது மூன்றாம் இயல் அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஆறு வாரம் கிடந்தது, கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் பணத் தகராறு. எழுதியவன் நான், அடித்தவர் அந்தப் பெண், ஆனால் எழுத்து வேறொருவருடைய சொத்து. உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்கிற பழைய கேள்வி, எழுத்துக்கும் பொருந்தும் என்று அப்போதுதான் உறைத்தது.

2010இல் இரண்டு சம்பவங்கள். ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடையும், எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் 16 பிட் குறிமுறையான 'டேஸ்'ஐயும் அரசு ஏற்றது. ஆண்டின் பிற்பகுதியில், தமிழ் அட்டவணைக்குள் 26 கிரந்த எழுத்துகளைச் சேர்க்கும் முன்மொழிவு வெளியே தெரிந்தது. பெரும் எதிர்ப்பு. முதலமைச்சர் கருணாநிதி மைய அரசுக்கு எழுதினார். அந்த எழுத்துகள் தமிழுக்குள் சேர்க்கப்படவில்லை. கிரந்தம் 2014இல் தனி எழுத்துமுறையாக யூனிகோடில் இடம்பெற்றது.

எதிர்ப்பு நியாயம்தான். சமஸ்கிருதத்தை எழுதத் தமிழைக் கட்டமைத்துக் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் எதற்கு நாம் தெருவுக்கு வருகிறோம், எதற்கு வருவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு எழுத்து உள்ளே வந்துவிடும் என்றவுடன் தூய்மை அரசியலுக்கு உயிர் வருகிறது. உள்ளே இருந்த பல லட்சம் பக்கங்கள் செத்துக்கொண்டிருந்தபோது ஒரு கண்டன அறிக்கைகூட வரவில்லை. எழுத்து ஆபத்தில் இருந்தால் கவலை. எழுதப்பட்டது ஆபத்தில் இருந்தால் அது கம்ப்யூட்டர் பிரச்சினை.

5

எழுதப்பட்டது எப்படிச் சாகிறது என்பதற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: பௌத்தம்.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழைப் பற்றியும் தமிழ்ப் பௌத்தம் பற்றியும் 1990களில் நடந்த விவாதங்கள் நமது சிறுபத்திரிகைகளில் வந்தவை. தலித் அரசியலின் திருப்புமுனைகளில் ஒன்று அது. அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் தட்டச்சு வரிசை எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அந்த வரிசையில் 'பௌ' அடிக்கும் முறை: ஒரு கொம்பு, ஒரு பகரம், ஒரு ளகரம். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. தாளில் ஒரு வித்தியாசமும் இல்லை. யூனிகோடுக்கு மாற்றும்போது அது 'பெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக நிற்கும். கண்ணுக்குப் பௌத்தம், இயந்திரத்துக்குப் பெ-ளத்தம். நீங்கள் 'பௌத்தம்' என்று தேடினால் அந்தக் கட்டுரை வராது. தேடியவர், தமிழில் இதுபற்றி யாரும் எழுதவில்லை என்று முடிவுகட்டிவிட்டு ஆங்கில நூல்களைப் பார்க்கப் போய்விடுவார். ஔவையாருக்கும் இதே கதிதான்.

சரி, மாற்றியின் விதியைத் திருத்திவிடலாமே? கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரமாக்கு என்று எழுதினார்கள். உடனே 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆனது. 'தெளிவு' 'தௌிவு' ஆனது. இணையத்தில் ஏராளமான பக்கங்களில் இந்தப் பிறழ்ந்த வெள்ளத்தைப் பார்க்கலாம். பெரியார் சொன்ன 'அவ்' 1978இல் ஏற்கப்பட்டிருந்தால் 'பவுத்தம்' என்று எழுதியிருப்போம், இந்தச் சிக்கலே இருந்திருக்காது. பிடிவாதமாக அப்படி எழுதிவந்த பெரியாரியர்களின் கட்டுரைகளைத் தேடினால் இன்றைக்கும் சரியாகக் கிடைக்கின்றன! (ஆனால் 'பௌத்தம்' என்று தேடினால் அவை கிடைக்காது. பகுத்தறிவுக்கும் ஒரு எல்லை உண்டு.)

ஆய்வேடுகளுக்கு வருவோம். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. அவை 'சோத்கங்கா' தளத்தில் ஏற்றப்படுகின்றன. பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டின் பி.டி.எஃப். பார்ப்பதற்குத் தமிழ். தேடினால் ஒன்றும் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் முகமூடி கழன்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டின் ஒவ்வொரு சொல்லும் தேடக் கிடைக்கிறது. தமிழில் எழுதியது படமாக நிற்கிறது. தமிழில் எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாக வந்தவர்கள். அவர்கள் தங்கள் ஊர் வழிபாட்டையும் தொழிலையும் சாதிக் கலவரத்தையும் பற்றிச் சேகரித்தது வேறெங்கும் இல்லாத தரவு. அது அலமாரியிலும் இருக்கிறது, இணையத்திலும் இருக்கிறது. அறிவுச் சந்தையில் மட்டும் இல்லை.

பெரிய பத்திரிகைகள் தங்கள் பழைய கோப்புகளை ஆள்வைத்து மாற்றிக்கொள்ள முடியும். ஒரு துண்டறிக்கைக்கு யார் ஆள் வைப்பார்கள்? ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், தாளை அப்படியே படமெடுத்துச் சேர்க்கிறது. 1981இல் நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்குத் தாளின் அருமை தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் ஃப்ளாப்பியில் இருக்கிறது என்கிற தைரியத்தில் தாளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டோம்.

6

2017இல் நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து ஏழு ஃப்ளாப்பிகள் கிடைத்தன. நின்றுபோன ஒரு சிற்றிதழின் கோப்புகள். ஐந்தில் பூஞ்சை. இரண்டு திறந்தன, பேஜ்மேக்கர் கோப்புகள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்ததோடு சரி. பழைய கணிப்பொறி ஒன்றைத் தேடிப்பிடித்துத் திறந்தபோது எழுத்துரு இல்லை. பொங்குதமிழ், என்.எச்.எம். என்று இருந்த மாற்றிகள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தோம். எதற்கும் மசியவில்லை.

மதுரைக் கடையில் இருந்த பெண்ணைத் தேடிப் போனேன். இப்போது சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

'இது வெளியில வித்த ஃபாண்ட் இல்லண்ணே. அவங்க கடையிலயே பிரிச்சு, மாத்திச் சேத்துருக்காங்க. ணகரத்தையும் றகரத்தையும் எடம் மாத்திப் போட்ருக்காங்க பாருங்க. வேற கடைக்காரன் தொறக்கக் கூடாதுன்னு செய்வாங்க.'

'படிக்க முடியுமாம்மா?'

'அச்சான புஸ்தகம் ஒண்ணு இருந்தாக் கொண்டாங்க. வச்சுப் பாத்துச் சொல்றேன்.'

அந்த இதழின் ஒரே ஒரு பிரதி, முன்னட்டை இல்லாமல், வேறொரு தோழரிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று இரண்டு மதியத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். 140 வரி. அதை வைத்து மாணவர் ஒருவர் சிறு நிரல் எழுதினார். 11 கட்டுரைகள் மீண்டன. அதில் நான்கு, அச்சில் வராமலே போன அடுத்த இதழுக்கானவை. வேறு எங்கும் இல்லை. ஔகாரங்களை மட்டும் கையால் திருத்தினோம்.

அவரிடம் இன்னும் எட்டு எழுத்துருக்களின் உள்வரிசை நினைவில் இருக்கிறது. எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறோம், இந்த முறை கூலி கொடுத்து. பழைய ஃப்ளாப்பியோ குறுந்தகடோ வைத்திருக்கும் நண்பர்கள் அதோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துத் தாருங்கள்: எந்த ஊரில் எந்தக் கடையில் அடித்தது, யார் அடித்தார், அச்சான பிரதி ஒன்று. பிரதி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நான்கு பக்கம் இருந்தால் போதும்.